தலைமடையும் கடைமடையும்: சேலம் நாட்டு மலைகளும் திருமணிமுத்தாறும்

சேலம் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் வெண்ணந்தூரை அடையலாம். 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர் தறியோசையாலும் ஏரியாலும் அறியப்படுவது. இதன் வடக்கே சேர்வராயன் மலைத்தொடர், கிழக்கே போதமலை, வடமேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே சற்றுத் தொலைவில் வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க நூல்கள் கூறும் கொல்லிமலை. மேற்கே ஓடுவது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கம் தோன்றி, சேலம் நகரின் நடுவே புகுந்து, வெண்ணந்தூர் வட்டாரத்து மதியம்பட்டிப் பக்கமாகக் கடந்து, நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு இது.

மழைக்காலத்து ஒரு நாளில் இறையியல் மாணவர் சிலரோடு அவ்வாற்றின் தரைப்பாலம் ஒன்றில் நாம் நின்றிருந்தோம். கிராம ஊழியப் பயிற்சிக்கென வந்தவர்கள் அவர்கள். ஆற்றில் நீர் தெரியவில்லை, வெண்ணுரையே தெரிந்தது. காற்று அந்நுரையைக் கிள்ளியெடுத்து, பாலத்தைக் கடப்போர் முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. இந்நிலைக்குக் காரணம் யாதென ஆராய்ந்து எழுதுமாறு மாணவர்களைக் கேட்டிருந்தோம். ஒருவர் தம் குறிப்பேட்டில் மூன்று காரணங்களை எழுதினார்: மக்கள்தொகைப் பெருக்கம், கல்வியறிவின்மை, ஏழைகளின் பொறுப்பின்மை. அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அம்மூன்றும் பல ஆண்டுகள் வகுப்பறையில் நாமே கரும்பலகையில் எழுதியவை.

பாலத்தருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெசவுக் கூலியாக இருந்து கண்பார்வை குன்றியபின் மாடு மேய்ப்பவர். “எங்க கெணத்துல வாளி வுட்டுப் பல வருசமாச்சுங்க ஐயா. நாங்க கேன் தண்ணி வாங்கிக் குடிச்சுக்கறோம். மாட்டுக்கு எங்கீங்க போறது?” என்றார். இக்கட்டுரை அம்மாணவருக்கு நாம் காலந்தாழ்த்தி அளிக்கும் விடை.

ஏரிப் பாசனத்தை அறிந்த நம் முன்னோர் இரு சொற்களை வழங்கினர். மதகை ஒட்டிய நிலம் தலைமடை. வாய்க்காலின் கோடியில் கிடப்பது கடைமடை. தலைமடையில் இருப்பவர் தம் தேவைக்கு மேல் மறித்தால் கடைமடை காயும். ஆதலால் நீரைப் பங்கிட நீர்க்கட்டி என்றும் நீராணிக்காரர் என்றும் ஆள் வைத்தனர். முறை வைத்துப் பாய்ச்சினர். அவ்வூர் சமத்துவ ஊர் அன்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நீர் பங்கிட்டவர் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினராயினும் அவர்களுக்கெனச் சொந்த நிலம் இருந்ததில்லை. சேரியின் கிணறு வேறாகவே இருந்தது. எனினும் ஒரு வரம்பு இருந்தது. தலைமடைக்காரர் கடைமடைக்காரரைச் சந்தையிலும் சாவடியிலும் நாள்தோறும் பார்த்தாக வேண்டியிருந்தது. தலைமடையில் இருப்பவர் கடைமடையைக் காணவே தேவையில்லாத அளவுக்குச் செல்வத்தால் உயர்ந்து போனபோது என்ன நேர்ந்தது என்பதே சேலம் நாட்டு மலைகளின் இருநூற்றாண்டு வரலாறு.

இரும்பும் கரியும்

கஞ்சமலையின் இரும்புக்கல் பழமையான புகழ் உடையது. ஊர்ப்புறத்துக் கொல்லர் சிறு மண்ணுலைகளில் மரக்கரியிட்டு அதனை உருக்கி ஏர்க்கொழுவும் அரிவாளும் செய்து வந்தனர். அவர்களும் மரத்தை வெட்டியவர்களே. அவர்களைக் குற்றமற்றோராகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. ஆயின் அவர்கள் உலையின் பசிக்கு ஓர் எல்லை இருந்தது. சுற்று வட்டாரத்து உழவருக்கு எத்தனை கொழு வேண்டுமோ அத்தனையே அவ்வெல்லை.

1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் சேலமும் பாராமகாலும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து உழவரோடு நேராக வரி தீர்மானித்தனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாட்டின் பெரும்பகுதி மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் மிட்டாதார் எனப்பட்டனர். பணம் கட்ட வல்லவர் நிலத்தின் தலைமடைக்கு வந்த முறை இது. இதனை விரித்தால் தனிக் கட்டுரையாகும், மலைக்குச் செல்வோம்.

சென்னை மாகாணத்தில் கம்பெனிப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்து இரும்புக்கல்லின் உயர்வை உணர்ந்தார். அரசிடம் தனியுரிமையும் முன்பணமும் பெற்று, 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை நிறுவினார். பின்னர் மலையாளக் கரையில் பேப்பூரிலும் உலை எழுந்தது. 1853ஆம் ஆண்டில் 4,00,000 பவுன் மூலதனத்தோடு கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி தோன்றியது. தென்னார்க்காட்டில் ஒன்றும் காவிரிக்கரையில் ஒன்றுமாக இரு ஊதுலைகள் கட்டப்பட்டன. இவ்வுலைகள் நிலக்கரியில் எரியவில்லை; மரக்கரியில் எரிந்தன. ஊதுலையின் பசி ஊர்க்கொல்லர் உலையின் பசி போன்றதன்று. அது பகலும் இரவும் அணையாமல் எரிய வேண்டும். உழவருக்கு எத்தனை கொழு வேண்டும் என்பது அதற்குப் பொருட்டன்று. பங்குதாரருக்கு எத்தனை விழுக்காடு இலாபம் வேண்டும் என்பதே பொருட்டு. புதிய உலைகள் இரண்டும் 1858இல் அணைந்தன. பரங்கிப்பேட்டையில் 1866இல் வேலை நின்றது. போதிய விறகும் கரியும் கிடைக்காமை இத்தோல்வியின் காரணங்களுள் ஒன்று. அருகிலிருந்த காட்டை உண்டு தீர்த்த உலைக்குத் தொலைவிலிருந்து கரி கொணரும் செலவு கட்டுபடியாகவில்லை.

ஹீத்தின் முடிவு இரங்கத்தக்கது. அவர் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து ஆலையினர் அம்முறையால் பெரும்பொருள் ஈட்டினர். அவரோ பல்லாண்டுகள் வழக்காடி 1851இல் இறந்தார். ஆகவே நாம் தனி மனிதர் ஒருவரின் பேராசையைப் பற்றிப் பேசவில்லை. ஓரிடத்து மலையையும் காட்டையும் மற்றோரிடத்து இலாபமாக மாற்றும் ஒரு வாய்க்காலைப் பற்றிப் பேசுகிறோம். அதனை வெட்டியவருக்கே அதில் நீர் கிடைக்காமற் போவதுண்டு.

யார் மேல் பழி?

இதே காலத்தில் சேர்வராயன் மலையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் அங்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்டக்காரர் வந்தனர். சோலைகள் காப்பித் தோட்டங்களாயின. அம்மலைகளில் முன்பே குடியிருந்தோர் மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் மலைமக்கள். (கேரள நாட்டு மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளும் மாணவர் இன்றும் உளர்.) தினையும் சாமையும் விதைத்து, சில ஆண்டுக்குப்பின் நிலத்தைக் காடாக விட்டு, வேறிடம் பெயர்ந்து உழுதவர் அவர்கள்.

1861ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து இருப்புப்பாதை சேலம் வந்து சேர்ந்தது. பாதைக்குக் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். 1856இல் சென்னை மாகாணத்து வனப் பாதுகாவலராக அமர்ந்த ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர், இருப்புப்பாதையினால் காடுகளுக்கு நேர்ந்த சுமையைத் தம் அறிக்கைகளில் மறைக்காமலே எழுதினார். அவரும் அரசும் கடுமையாகக் கை வைத்தது எதன்மேல்? மலைமக்களின் புனக்காட்டின்மேல். குமரி வேளாண்மை என அவர்கள் குறித்த அம்முறையை 1860இல் அரசு கட்டுப்படுத்தியது. எஞ்சினின் விறகுக்கு ஒப்பந்தம். மலைவாணனின் தினைக்குத் தடை. அம்மாணவரின் குறிப்பேட்டில் நாம் கண்ட மூன்று காரணங்களும் இக்காலத்து அலுவலகக் கோப்புகளில் பிறந்தவை என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். சேலம் மாவட்டம் மிகக் கொடுமையாகத் தாக்குண்டவற்றுள் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தது. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் நாள் தில்லியில் தர்பார் விருந்து நடத்தியதும், சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென வரையறுத்ததும் இயற்கையல்ல. அது போதாதென மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். பஞ்சத்தில் ஏழைகள் காட்டிற்குச் சென்று கிழங்கும் கீரையும் தேடி உயிர் பிடித்துக்கொண்டனர். பஞ்சம் தீர்ந்து நான்கு ஆண்டுகளில், 1882இல், சென்னை வனச்சட்டம் வந்தது. எஞ்சிய காட்டைக் காக்க ஒரு சட்டம் வேண்டியே இருந்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊதுலையும் இருப்புப்பாதையும் உண்டு கழித்தபின் கதவைச் சாத்தியபோது, வெளியே நிறுத்தப்பட்டவர் விறகுக்கட்டு சுமந்த பெண்ணும் ஆடு மேய்த்த சிறுவனுமே.

ஏழ்மையே சூழலைக் கெடுக்கிறது என்னும் கூற்றுக்கு நம் நாட்டில் ஒரு பெரும் ஆதரவு உண்டு. 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டில் பிரதமர் இந்திரா காந்தி வறுமையையும் மாசுபாட்டையும் இணைத்து ஒரு வினா எழுப்பினார். செல்வ நாடுகள் ஏழை நாடுகளின் வளர்ச்சியைத் தடுக்கலாகாது என்பதற்காக எழுந்த வினா அது. பின்னாளில் அது வினாவாக இல்லாமல் தீர்ப்பாக மாறி, ஏழைகள்மேல் சாட்டப்பட்டது. ஏழை மரம் வெட்டுகிறான் என்பது உண்மைதான். வெட்டிய விறகை அவன் தலையில் சுமக்கிறான். தலை தாங்குமளவே அவனால் வெட்ட முடியும்.

மலைக்குச் சென்ற சாலைகள்

நாடு விடுதலை பெற்றபின் வாய்க்காலின் திசை மாறியதா? மாறிய இடமும் உண்டு. மாறாத இடமும் உண்டு. மேட்டூரில் 1965ஆம் ஆண்டில் மெட்ராஸ் அலுமினியம் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான பாக்சைட்டு ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்டது. ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதை நம் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பாக்சைட்டு என்பது மலையின் தலைப்பகுதியில் படிந்து கிடப்பது. மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுவதில் அதற்கும் பங்குண்டு. 1995இல் ஸ்டெர்லைட் நிறுவனம் ஆலையை வாங்கியது. அதன் தலைமை நிறுவனமான வேதாந்தா 2003இல் இலண்டன் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. கொல்லிமலை ஓடையின் தலைமடை இங்ஙனம் இலண்டன் வரை நீண்டது. மலைமக்களும் சூழல் ஆர்வலரும் சுரங்கத்தை எதிர்த்தனர்; வழக்கும் எழுந்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் உலோகத்தின் விலை சரிந்தபோது மேட்டூரில் உருக்கும் பணி நின்றது. அலுமினியம் போன இடம் தெரியாது; ஆலையின் செங்கழிவு மேட்டூரிலேயே மலைபோல் கிடக்கிறது.

வெண்ணந்தூர் மக்களுக்கு இவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லை. கிழக்கே தலை நிமிர்ந்தாற் போதும். போதமலையின் கீழூர், மேலூர், கெடமலை ஆகிய ஊர்கள் வெண்ணந்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் கடந்தபோதும் அவ்வூர்களுக்கு மோட்டார் செல்லும் சாலை இருக்கவில்லை. தேர்தல் வந்தால் வாக்குப் பெட்டியும் இயந்திரமும் தலைச்சுமையாக மலையேறின. நோயாளிகள் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்கப்பட்டனர். 2020களில்தான் சாலைப் பணி கைக்கொள்ளப்பட்டது. இதே நிலப்பரப்பில், 2018ஆம் ஆண்டு, சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய்ச் செலவில் 277 கிலோமீட்டர் நீள எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. அதற்கு வயலும் கிணறும் காடும் வேண்டியிருந்தன. உழவர் அழுதனர், போராடினர். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை இரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் திட்டத்திற்கு மீண்டும் இடமளித்தது. ஒரு மலைக்கு ஒரு வழிச் சாலை போட முக்கால் நூற்றாண்டு. எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்கச் சில மாதங்கள்.

ஆற்றிற்கு வருவோம்

மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் 1943ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. போரினால் மலேயாவிலிருந்து இறக்குமதி நின்றதே அதற்கு வாய்ப்பு. இன்று இத்தொழில் பல்லாயிரவருக்குச் சோறு போடுகிறது. ஆயின் கிழங்கின் மாவு கலந்த புளித்த நீர் வெளியேறிய இடமெல்லாம் ஓடையும் கிணறும் நாறின. நெசவோ இந்நாட்டின் தொல்தொழில். நூலுக்குச் சாயம் வேண்டும். சேலத்தில் ஆற்றை ஒட்டி எழுந்த சாயப்பட்டறைகளின் கழிவும் நகரத்தின் சாக்கடையும் கலந்ததே நாம் கண்ட நுரை.

இங்கே நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. வெண்ணந்தூரின் நெசவாளர் சாயமிட்ட நூலின்றிப் பிழைக்க முடியாது. பட்டறையில் முழங்கை வரை சாயத்தில் நனைந்து வேலை செய்பவரும் கூலிக்காரரே. பாவும் ஊடையும் கொடுத்துச் சேலையாகத் திரும்பப் பெறுபவர் ஒருவர். கூலிக்கு நெய்பவர் மற்றொருவர். சேலையின் விலையில் கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவு சேர்வதில்லை. அச்செலவு மறைந்துவிடுவதுமில்லை. அது ஆற்றின் வழியே கீழிறங்கி, மதியம்பட்டிப் பக்கத்து உழவர் கிணற்றில் உப்பாகவும், மாடு மேய்க்கும் முதியவரின் வீட்டில் கேன் தண்ணீரின் விலையாகவும் வந்து நிற்கிறது. ஆற்றின் கீழே வாழ்பவர் மாவட்டத் தலைநகரில் வீடு வைத்திருந்தால், அவருள் ஒருவர் ஆலை முதலாளியின் சம்பந்தியாக இருந்தால், அந்நீர் அவ்வாறு விடப்பட்டிருக்குமா?

திருப்பூரின் கதையை நாடறியும். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, ஏற்றுமதிப் பனியனுக்குச் சாயமிட்ட கழிவின் தொட்டியாயிற்று. பாசன நீருக்காக வேண்டிய உழவர்களே அணை நீரைத் திறக்க வேண்டாமென வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அவ்வாணை நன்று. ஆனால் சாயமிடும் வேலை நிற்கவில்லை. கேட்பாரற்ற வேறு ஆறுகளை நோக்கி ஒரு பகுதி நகர்ந்தது. பனியனை உடுத்துபவர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தனர். அவர்கள் நொய்யலின் பெயரைக் கேட்டிருக்கவும் நியாயமில்லை.

நிலத்தடி நீரிலும் இதே கதைதான். இது பாறை நிலம். அகலக் கிணற்றின் ஊற்றே இங்கு வேளாண்மைக்கு உயிர். 1984இல் சிறு உழவருக்கும், 1990ஐ ஒட்டி எல்லா உழவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஏழை உழவனுக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. எனினும் இலவச மின்சாரத்தால் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பது துளையின் ஆழத்தைப் பொறுத்தது. துளையின் ஆழம் கையிலுள்ள பணத்தைப் பொறுத்தது. ஆயிரம் அடி துளையிட வல்லவர் ஒருவர் ஊரில் தோன்றினால், நாற்பதடிக் கிணறு வைத்திருந்த பத்துப்பேர் கடன் வாங்கித் துளையிடுவர் அல்லது நிலத்தை அவருக்கே விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலை தேடிச் செல்வர். இப்போட்டியில் தோற்ற ஏழை மட்டுமன்று, நிலத்தடி நீரும் வற்றுகிறது. ஏற்றத்தாழ்வு என்பது ஏழைக்கு நேரும் அநீதி மட்டும் என்றெண்ணியிருந்த நமக்கு, அது நீருக்கும் மண்ணுக்கும் நேரும் கேடும் ஆகும் என்பதை இவ்வூர்களே கற்பித்தன.

உலகளவிலும் கணக்கு இவ்வாறே உள்ளது. 2019ஆம் ஆண்டில் உலகின் மிகச் செல்வரான ஒரு விழுக்காட்டினர் வெளியிட்ட கரிவளி மொத்தத்தில் 16 விழுக்காடு என்றும், அது உலக மக்களில் ஏழைகளான மூன்றில் இரு பங்கினர் வெளியிட்டதற்கு ஈடென்றும் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. நம் நாட்டிலோ, 2022–23இல் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினர் கையில் நாட்டுச் செல்வத்தின் 40 விழுக்காடு இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. வெப்பம் மிகுந்து மழை தவறும்போது குளிர்சாதன அறைக்குள் செல்பவர் ஒருவர். தகரக் கொட்டகையில் தறி நெய்பவர் வேறொருவர்.

திருச்சபை நின்ற இடம்

இவ்வரலாற்றில் திருச்சபை எங்கே நின்றது? இலண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. அதாவது காக்பர்னின் காப்பிக்கும் ஹீத்தின் உலைக்கும் நாம் சமகாலத்தவர். தோட்டக்காரருக்கென மலையில் ஆலயம் எழுந்தது. பஞ்சத்தில் நம் மிஷனெரிகள் கஞ்சி ஊற்றினர். கஞ்சி ஊற்றியது பெரும்பணி. ஆயினும் காடு யாரால் போயிற்று என்று பிரசங்க பீடத்திலிருந்து யாரும் கேட்டதாக நாம் படித்ததில்லை.

கொல்லிமலையில் மட்டும் வேறொரு காட்சி தெரிகிறது. ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் 1913 முதல் அம்மலையில் குடியிருந்து மருத்துவமும் வேளாண்மையும் தச்சும் கற்பித்தனர். ஜெசி 1929இல் காய்ச்சலால் மறைந்தார். அவர்கள் மகன் பால் பிராண்டு பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப்புகழ் பெற்றவர். அவர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று நம் மாணவர் அனைவரும் படிக்கத்தக்கது. சிறுவனாக இருந்தபோது தோழர்களோடு கொல்லிமலையின் படிக்கட்டு வயலில் தவளை பிடித்து விளையாடியதையும், வயலைக் கலக்கியதால் சேறு வரப்பைத் தாண்டிக் கீழே ஓடியதையும், முதியவர் ஒருவர் வந்து ஒரு பிடி சேற்றைக் கையில் அள்ளிக் காட்டிச் சிறுவரைத் திருத்தியதையும் அதில் நினைவுகூர்கிறார். அச்சேற்றில் ஆண்டுதோறும் விளைவதே தம் குடும்பத்திற்கும் பின்வருவோர்க்கும் சோறு; கீழே ஓடிய சேறு மலைக்கு மீண்டும் ஏறி வராது என்பது அம்முதியவரின் பாடம். எழுத்தறியாத அம்மலைவாணரிடம் கற்ற பாடத்தை அறுவை மருத்துவ மேதை எழுபதை எட்டிய வயதில் எழுதினார். நம் மாணவரின் குறிப்பேட்டில் இரண்டாவதாக இருந்த கல்வியறிவின்மை என்னும் காரணத்தை நாம் அடித்துவிடலாம்.

திருமறையில் இப்பொருள் பற்றிப் பேச நாபோத்தின் திராட்சத் தோட்டத்தையே நாம் வழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். அதனினும் நெருக்கமான பகுதி எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் 17 முதல் 19 வரையுள்ள வசனங்கள். கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலை உண்டு எஞ்சியதை மிதிக்கின்றன. தெளிந்த நீரைக் குடித்து எஞ்சியதைக் காலால் கலக்குகின்றன. மெலிந்த ஆடுகள் மிதிபட்டதைத் தின்று கலங்கியதைக் குடிக்க வேண்டியிருக்கிறது. இறைவாக்கினர் மந்தையைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆடுகள் பெருகிவிட்டன என்று புலம்பவில்லை. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே நியாயம் தீர்க்கப்படும் என்கிறார்.

இவ்வசனங்களை நாம் எப்போது கண்டோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். பல ஆண்டுகளுக்குமுன் நாம் ஆயராக இருந்த ஒரு சேகரத்தில் சமுதாயக்கூடம் கட்டப் பணம் போதவில்லை. ஆற்றின் மேற்பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர் பெருந்தொகை கொடுத்தார். அவர் பெயர் பொறித்த கல்லைச் சுவரில் பதித்தோம். திறப்பு விழாவன்று நாம் எடுத்துக்கொண்ட பகுதி எசேக்கியேல் 34. நல்ல மேய்ப்பரைப் பற்றி 11 முதல் 16 வரை விரித்துரைத்தோம். 17ஆம் வசனம் கண்ணில் பட்டது. அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்ததும் கண்ணில் பட்டது. திருமறையை மூடி, ஜெபிப்போம் என்றோம். சபையார் பலர் ஆற்றோரத்து வயல்களில் கூலி வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருவரும் பின்னர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அண்மையில் அச்சேகரத்திற்கு விருந்தினராகச் சென்றிருந்தோம். குழந்தையொன்றிற்குத் திருமுழுக்கு. மூப்பர் ஒருவர் கடையிலிருந்து வாங்கிவந்த இருபது லிட்டர் கேனைத் தோளில் தாங்கி, திருமுழுக்குத் தொட்டியில் சாய்த்தார். ஆராதனை முடிந்தபின் குழந்தையின் பாட்டி நம்மிடம் வந்து, “என்னைய இந்த ஆத்துல எறக்கித்தானுங்க ஐயா ஞானஸ்நானம் குடுத்தாங்க. பேத்திக்கும் அதுலயே குடுத்திருக்கலாமுங்களா?” என்று கேட்டார். கூடாதம்மா, தண்ணீர் சரியில்லை என்றோம். அவர் சமுதாயக்கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்.